ஏழே முக்கால் அடி

துர்காதேவியைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் எனக்கு வயிறு எரியும், அப்புறம்தான் வாய் திறக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால், அது எவ்வளவு சிரமப்பட்டு வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பெயர் காசிநாதன். பெரிய காஞ்சிபுரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பத்தடி அகலத்துக்கு அடிக்கிற மெஷினை முதலில் இறக்கியவன் நான்தான். லாரியிலிருந்து அது இறங்கிய அன்று தெருவே வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று ஊரில் தொங்கிய முகமெல்லாம் ஒரு காலத்தில் என் மெஷினில் உருண்டு வந்த முகம்தான். அந்தக் காலத்தில் என்னிடம் கம்ப்யூட்டரில் டிசைன் போட வந்தவள் துர்காதேவி.

பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா அம்மா ரெண்டு பேரும் தறியில்தான். ஏனாத்தூருக்குப் பஸ்ஸில் போய் வந்து காலேஜ் முடித்துவிட்டு, முடித்த மறு மாதமே என்னிடம் வந்தாள். ஐந்து வருஷம் இருந்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சு குறைவு, லீவு அதைவிடக் குறைவு. ஒரே ஒரு கெட்ட பழக்கம், நான் வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போதெல்லாம் மானிட்டருக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பார்வையிலிருந்துதான் எனக்கும் அவளுக்கும் கசப்பு ஆரம்பித்தது.

அந்தப் பார்வை எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸ் ரோல் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து என்று சில அகலங்களில்தான் வரும். ஒருவர் வந்து ஏழடிக்குப் பத்தடி பேனர் கேட்டால், ஏழடி ரோல் என்று ஒன்று கிடையாது. எட்டடி ரோலை மாட்டி, ஏழடிக்கு அடித்து, மிச்ச ஒரு அடியைப் பத்தடி நீளத்துக்கும் வெட்டி எறிய வேண்டும். எறிந்த அந்தப் பத்து சதுர அடிக்கு யார் காசு கொடுப்பது? நான் யாரையும் கேட்டதில்லை. ஏழைப் பத்தால் பெருக்கு, எழுபது, சதுர அடிக்கு இவ்வளவு, முடிந்தது. வெட்டிப் போவது கடைக்காரன் தலையெழுத்து. ஊரில் எல்லாக் கடையிலும் அன்றைக்கு அதுதான் நடைமுறை.

ஒருநாள் துர்காதேவி, எழுபதுக்கு விலை போடாமல் எண்பதுக்குப் போட்டால் என்ன என்று கேட்டாள். ரோலில் எவ்வளவு தீர்கிறதோ அதற்குத்தானே நாம் பணம் கட்டி வாங்குகிறோம் என்றாள். நான் சிரித்தேன். எண்பது என்று சொன்னால் வந்தவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், கடை நடத்துகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும், நீ கலர் கரெக்ஷனைப் பார் என்றேன். அவள் கலர் கரெக்ஷனைப் பார்த்தாள். அதற்கடுத்த தை மாதம், நாலு கடை தள்ளி, எதிர் வரிசையில், சொந்தமாக மெஷின் போட்டாள்.

மெஷின் பழையதுதான். நகையை அடகு வைத்து வாங்கினாள். புருஷன் குமரன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், அவனும் கையிலிருந்ததைப் போட்டான். திறப்பு விழாவுக்கு எனக்குப் பத்திரிகை கொடுத்து, என் காலிலும் சங்கீதா காலிலும் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினாள். சங்கீதா என் மனைவி. அவள் மனசார வாழ்த்தினாள். நான் வாயால் வாழ்த்தினேன். ஆறு மாதத்தில் மூடிவிடுவாள் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூடவில்லை. சதுர அடிக்கு நான் பதிமூன்று ரூபாய் சொன்னால் அவள் பதினாறு சொன்னாள். அதற்கு மேல் பில்லில் தனியாக ஒரு வரி போட்டு 'சேதாரம்' என்று எழுதினாள். முதல் தடவை அந்தப் பில்லைப் பார்த்தபோது நான் டீக்கடையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி, இது என்ன நகைக்கடையா என்று கேட்டேன். ஆனால் ஜனங்களுக்கு அந்த வார்த்தை பழகியது. மகள் கல்யாணத்துக்கு வளையல் வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தானே. ஓ, இதிலும் சேதாரம் உண்டா என்று கேட்டுக்கொண்டு கொடுத்தார்கள். வெட்டின துண்டைச் சுருட்டி, இதற்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் கையிலேயே கொடுத்தாள். அதைக் கொண்டுபோய் ஸ்கூட்டருக்கு மூடினார்கள், ஓட்டுச் சந்தில் ஒழுகும் இடத்தில் போட்டார்கள். தெருவில் நடந்தால் அவள் கடைத் துண்டாகவே என் கண்ணில் பட்டது.

எனக்கு அது பொறுக்கவில்லை. மெலிசான சரக்கைத் தடிமன் என்று சொல்லி விற்கிறாள் என்று நினைத்தேன். அவள் அடித்த பேனர் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தேன், என் சரக்கைவிட நன்றாக இருந்தது. பெண் என்பதால் பேச்சில் மயங்கிப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவளோ பேசுகிற ஆளே இல்லை. குமரனுக்குக் கட்சியில் ஆள் இருக்கும் என்று நினைத்து விசாரித்தேன், அவனுக்கு ஓட்டு எந்த ஸ்கூலில் என்றே தெரியவில்லை. கடைசியில் சங்கீதாவையே அனுப்பி விலை கேட்டு வரச் சொன்னேன். அவள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்து, அந்தப் பெண் நன்றாக இளைத்துவிட்டது, பாவம், என்று சொன்னாள். விலை என்ன என்று கேட்டதற்கு, அதைக் கேட்கவே மறந்துவிட்டதாம்.

அவள் என்ன செய்தாள் என்பது பின்னால் தெரிந்தது. பேனர் கேட்டு வருகிறவரிடம் அளவை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு இடத்துக்கே போவாள். இரும்புச் சட்டம் வெல்டு வைக்கும் முன்னாலேயே போவாள். ரோல் அகலத்துக்கு எந்த அளவு ஒத்துவருமோ அந்த அளவுக்குச் சட்டத்தைச் செய்யச் சொல்லுவாள். வெட்டி எறிய ஒன்றுமே மிஞ்சாது. சதுர அடி விலை கூட இருக்கும், ஆனால் சேதாரம் என்று ஒரு பைசா இருக்காது, போர்டும் சட்டத்தில் கச்சிதமாக உட்காரும். அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். நெசவாளர் சங்கத்தில் பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்த சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார்கள், கழிவுக்கு இத்தனை கிராம் என்று முதலிலேயே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். இது எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஊரில் யாருக்குத் தெரியாது? அதை ஃப்ளெக்ஸுக்கு எடுத்துப் போடத்தான் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

இப்படியே மூன்று வருஷம் போனது. என் கடையில் கூட்டம் குறைந்தது. மெஷினில் மை தெளிக்கிற பிரின்ட் ஹெட் ஒன்று போய்விட்டது, கடன் வாங்கி மாற்றினேன், அந்தக் கடன் அப்படியே நின்றது. போன ஆனி மாதம் சங்கீதாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். மயில்வாகனம் முதலாளியின் ஆர்டர் எனக்குக் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு ஏதாவது கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போகிறேன். நாற்பத்தாறு வயதில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு விடிகாலை பஸ்ஸுக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த பஸ்ஸைக் குமரன் ஓட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மயில்வாகனம் முதலாளி காந்தி ரோட்டில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறவர். பழைய கடையை இடித்து மூன்று மாடி கட்டியிருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. கட்டடத்தின் முகப்பில் பதினாலு போர்டு. இரும்புச் சட்டத்தில் இழுத்துப் பூட்டின ஃப்ளெக்ஸ், ஒவ்வொன்றிலும் சேலை கட்டின ஒரு பெண். சீசனுக்கு சீசன் படத்தை மாற்றுவார்கள். தீபாவளி, பொங்கல், சித்திரை, ஆடித் தள்ளுபடி என்று வருஷம் முழுக்க வேலை. அதைப் பிடித்துவிட்டால் வேறு ஆளைத் தேடிப் போக வேண்டாம்.

எனக்கு முன்னாலேயே துர்காதேவி அங்கே போய்விட்டாள். ஆடி வெயிலில் ரெண்டு நாள் ஏணி மேல் ஏறி நின்று முகப்பை அளந்தாளாம். மாடிக்கு மாடி எட்டடி இடைவெளி. அதில் ஏழரை அடி உயரம், இருபதடி நீளம் என்று பதினாலு போர்டுக்கும் ஒரே அளவு கொடுத்திருந்தாள். விலை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இதை எனக்குச் சொன்னவர் வெல்டர் மாணிக்கவேல். சட்டம் செய்கிற வேலை அவருக்கு. டீ குடித்துக்கொண்டே, குழாயில் ஏழரைக்குச் சாக்பீஸ் குறி போட்டுவிட்டதாகவும் நாளைக்கு அறுக்கப் போவதாகவும் சொன்னார். ஏழரை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. நல்ல விளக்கு இல்லை.

மயில்வாகனம் முதலாளியைப் பற்றி ஊருக்கே தெரியும். ராகு காலத்தில் கல்லாவைத் திறக்க மாட்டார். கார் நம்பரைக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். சனிப்பெயர்ச்சி என்றால் ஒரு மாதத்துக்கு முன்னாலிருந்தே முகம் சுருங்கிவிடும். அன்றைக்கே அவரைப் போய்ப் பார்த்தேன். கட்டடத்தைப் புகழ்ந்தேன், கிரானைட்டைப் புகழ்ந்தேன். அப்புறம், யாரோ எப்போதோ சொன்னதைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"புதுக் கடை தொறக்கிற நேரத்துல, வாசல் நெத்தியில பதினாலு எடத்துல ஏழரைய ஏத்தி வெக்கறீங்களா முதலாளி?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். எட்டும் ஆகாது, அது சனி நம்பர் என்று அவரே முணுமுணுத்தார். நான் உடனே வழி சொன்னேன். கால் அடி கூட்டி ஏழே முக்காலாக வைத்துக்கொள்ளலாம், இடமும் போதும், போர்டும் பெரிதாகத் தெரியும் என்றேன். விலை பதிமூன்று, சேதாரம் கீதாரம் எதுவும் இல்லை என்றேன். கால் அடி கூடினால் பில்லும் கூடும் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு. ஆர்டர் என் கைக்கு வந்தது. துர்காதேவிக்கு அவரே போன் பண்ணிச் சொன்னாராம். அடியாகப் பார்க்காதீர்கள், தொண்ணூறு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாளாம். பயம் ஒருதரம் உள்ளே போய்விட்டால் அங்குலத்துக்கு மாற்றினால் போய்விடுமா?

அன்று சங்கீதா பால் பாயசம் வைத்தாள். நான் ரெண்டு டம்ளர் குடித்தேன். அப்படி ஒரு நிம்மதியான நாள் எனக்கு மூன்று வருஷத்தில் இல்லை. அவள் ஏணியில் நின்று அளந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினேன் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

முதல் போர்டு அடிக்க மெஷினைத் தயார் பண்ணும்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் இழுத்துப் பூட்ட வேண்டுமானால் முன்பக்கம் தெரிகிற அளவு போதாது. மேலேயும் கீழேயும் மூன்று மூன்று அங்குலம் குழாயைச் சுற்றி மடக்கி, பின்னால் ஸ்க்ரூ அடிக்க வேண்டும். ஏழரை அடியோடு அந்த ஆறு அங்குலத்தைச் சேர்த்தால் சரியாக எட்டடி. எட்டடி ரோல். ஒரு விரல் அகலம்கூட வீணாகாது. அவள் ஏழரை என்று எழுதினது அதற்குத்தான். என் ஏழே முக்காலோடு ஆறு அங்குலம் சேர்ந்தால் எட்டடி மூன்று அங்குலம். எட்டடி ரோல் மூன்று அங்குலம் பத்தாது. பத்தடி ரோலைத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் இருபதடி நீளத்துக்கு ஒன்றே முக்கால் அடி அகலப் பட்டையை வெட்டிக் கீழே போட வேண்டும். அந்தப் பட்டைக்கு நான் முதலாளியிடம் ஒரு பைசா கேட்க முடியாது. சேதாரம் கிடையாது என்று சொன்ன வாய் என்னுடையது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பதினாலு தடவை வைத்துக்கொண்டிருந்தேன். மடிப்பைக் கணக்கில் எடுக்காமலே பத்து வருஷம் விலை சொல்லிப் பழகிவிட்டவன் நான். சின்னச் சின்ன பேனரில் அது தெரியவில்லை, இருபதடி போர்டில் தெரிந்தது.

புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். எட்டடி ரோலின் மிச்சம் கொஞ்சம் கிடந்தது. மடிப்பை ஒன்றரை அங்குலமாகக் குறைத்து இரண்டாவது போர்டை அதில் அடித்து மாட்டினேன். ஆடிக் காற்றுக்கு அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. மேல் பக்கம் பிய்ந்து, சேலை கட்டின அந்தப் பெண் தலைகீழாகத் தொங்கினாள். காந்தி ரோடே அண்ணாந்து பார்த்தது. முதலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், அதுதான் பயமாக இருந்தது. அதையும் பத்தடி ரோலில் திரும்ப அடித்தேன். ஐந்து போர்டு முடிந்ததும் ரோல் தீர்ந்தது. சென்னை டீலர், சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார். கடை திறப்புக்கு ஆறு நாள் இருந்தது. இன்னும் ஒன்பது போர்டு பாக்கி.

சங்கீதா பில்லையும் ரோல் ரசீதையும் எதிரே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த ஒன்பதையும் இப்படியே அடித்து முடித்தால் பிரின்ட் ஹெட் கடனை அடைக்க மெஷினைத்தான் விற்க வேண்டும் என்றாள். மெஷினைக் காப்பாற்றப் பிடித்த ஆர்டர் மெஷினைக் கொண்டுபோகப் போகிறது. அப்புறம் பீரோவைத் திறந்து, ஏலச்சீட்டு எடுத்த பணத்தை என் கையில் வைத்து, துர்கா கடையில் பத்தடி ரோல் பார்த்தேன், போய்க் கேளுங்கள் என்றாள். நான் சட்டை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய் ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டேன். அப்புறம்தான் போனேன்.

நாலு கடை தூரம். அவ்வளவு தூரத்தை நான் என் வாழ்க்கையில் நடந்ததில்லை. துர்காதேவி தரையில் மண்டியிட்டு ஒரு பேனருக்குக் கயிறு கோர்க்கிற ஐலெட் வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைத் தட்டிப் போட்டாள். கடை சுத்தமாக இருந்தது. மூலையில் கழிவு என்று குவிந்து எதுவும் கிடக்கவில்லை. வந்த காரியத்தை மறந்து அதைப் பார்த்து ஒருதரம் வயிறு எரிந்தேன். பத்தடி ரோல் ரெண்டு வேண்டும், விலைக்குத்தான் என்று கேட்டேன். என்ன அளவு அடிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவளுக்குத் தெரியாமலா கேட்கிறாள்? ஏழே முக்கால் என்று நான் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்டாள். சொன்னேன்.

"மூணு அங்குலம்" என்றாள். ரோல்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பத்தடி ரோல் தரமாட்டேண்ணா. எட்டடி ரோல் தரேன்."

எட்டடி பத்தாதே என்றேன். ஏழரைக்குப் பத்தும் என்றாள். மீதி ஒன்பது சட்டமும் இன்னும் வெல்டு வைக்கவில்லை, மாணிக்கவேல் அண்ணனிடம் கேட்டுவிட்டேன், முதலாளியிடம் போய் ஏழரைக்கே சம்மதம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். ஏழரை ஆகாது என்று சொன்னது யார் என்பதையும் முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார் என்றாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல், உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டு வைத்தேன்.

"வந்துது. ரெண்டு நாளு சோறு எறங்கல. அதுக்கும் சேத்துதான் கேக்கறேன். ரோலுக்குப் பணம் வேணும். ஒம்போது போர்டுலயும் மூலையில என் கடை நம்பரும் வேணும்."

எங்கள் தொழிலில் பேனரின் கீழ் மூலையில் அடித்த கடையின் பேரும் போன் நம்பரும் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வருவான். அந்த மூலையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை என்னுடையது, இங்க்கு என்னுடையது, உன் நம்பர் எதற்கு என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"அளவு என்னுதுண்ணா. கைக்கு வராமப் போற வேலையும் சேதாரம்தான். அதையும் எங்கயாவது ஏத்தித்தான் ஆவணும்."

"எங்கிட்ட இருந்தப்ப வாயே தொறக்க மாட்டியே. இந்தக் கணக்கெல்லாம் எங்க கத்துக்கின?" என்றேன்.

"உங்க கடையிலதான். அஞ்சு வருஷமா வெட்டினதையெல்லாம் மூட்டை கட்டி, பழைய சாமான்காரருக்கு எடை போட்டுக்கினு இருந்தது நான்தானே. வாங்கின ரோலுல அஞ்சுல ஒரு பங்கு மூட்டையிலயே போச்சு. நீங்க ஒருநாளும் அந்த மூட்டையத் தூக்கிப் பாக்கலண்ணா."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லியிருப்பேன். ஒரு பழைய சங்கதியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ரோலுக்கு ரசீது எழுத உட்கார்ந்துவிட்டாள். என் கடையில் என் கண் எதிரே கிடந்ததைப் பார்த்து அவள் தொழில் கற்றுக்கொண்டாள். நான் பத்து வருஷமாக அதைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் இருந்த பொறாமை அந்த நாற்காலியில் ஒரு பங்கு ரெண்டு பங்காயிற்று. பணத்தை எண்ணி வைத்தேன். மூலைக்கும் சரி என்றேன்.

முதலாளியிடம் போவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஜோசியர் ஒருவரைக் கேட்டேன், ஏழரை தோஷம் போர்டுக்கெல்லாம் கிடையாது என்றார் என்று ஒரு கதையைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவர் எதிரே நின்றதும் கதை வரவில்லை.

"நம்பர்ல ஒண்ணும் இல்ல முதலாளி. அந்தப் பொண்ணு மேல பொறாமையில சொன்னேன்."

மயில்வாகனம் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த ரெண்டு விற்பனைப் பெண்களும் பார்த்தார்கள். எனக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் காலண்டரை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி, பில்லில் மட்டும் ஏழரை என்று எழுதாதே, தொண்ணூறு அங்குலம் என்றே எழுது என்றார். மாட்டின ஐந்தும் அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு, அடுத்த சீசனுக்கு உங்கள் ரெண்டு பேரிடமும் விலை கேட்பேன் என்று சேர்த்துக்கொண்டார். ஆர்டரைப் பிடுங்கவில்லை. அந்த அளவுக்கு என் கடை பிழைத்தது.

ஒன்பது போர்டையும் நாலு நாளில் அடித்தோம். எட்டடி ரோலில், மேலே கீழே மூன்று அங்குல மடிப்போடு, வெட்டி எறிய ஒன்றும் இல்லாமல் வந்தது. முதல் ஐந்தில் விட்டதை இந்த ஒன்பதும் முழுசாகச் சரிக்கட்டவில்லை. ஆனால் மெஷினை விற்க வேண்டிய நிலைமை போனது. மூலையில் அவள் நம்பரை நானே டைப் பண்ணினேன். ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை. சங்கீதா பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள், அவளுக்கு என்னைத் தெரியும்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கடை திறந்தது. நாதஸ்வரம், பூரணகும்பம், தெரு முழுக்கக் கார். நான் எதிர்ப்பக்கம் நின்று முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் மாடியில் ஐந்து போர்டு என் நம்பரோடு, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில். கீழே ரெண்டு வரிசையில் ஒன்பது அவள் நம்பரோடு, கண்ணுக்கு நேராக. ஃப்ளெக்ஸில் ஒரு சுருக்கம் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒருவர், புதிதாக ஜவுளிக்கடை போடப் போகிறவராம், என் பக்கத்தில் வந்து நின்று போர்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, கண்ணாடி எடுத்து வரவில்லை, அந்த மூலையில் இருக்கிற நம்பரைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டு செல்போனைக் கையில் எடுத்தார். இவர்கள் வேலை எப்படி, உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டார்.

என் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. கையும் அதன் மேல்தான் இருந்தது.

விலை கொஞ்சம் கூடத்தான் என்றேன். ஆனால் சட்டம் வெல்டு வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணை வந்து அளக்கச் சொல்லுங்கள் என்றேன். பிறகு அந்த நம்பரைப் பத்து இலக்கமும் ஒவ்வொன்றாக, அவர் அழுத்துகிற வேகத்துக்குச் சரியாகப் படித்தேன். அந்தப் பக்கம் மணி அடித்து அவள் எடுத்து, "வணக்கம்ணா, சொல்லுங்க" என்று சொல்வது எனக்கே கேட்டது. வயிறு எரிந்தது.